எதேச்சாதிகாரம் என்றால் என்ன? சர்வாதிகாரமும் கொடுங்கோன்மையும் அதிலிருந்து எங்கே பிரிகின்றன?

கேள்வி இது: எதேச்சாதிகாரம், சர்வாதிகாரம், கொடுங்கோன்மை மூன்றும் ஒன்றுதானா, ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டு எழுதலாமா? கூடவே இன்னொன்று: முழு அதிகாரமும் நல்லவர் ஒருவர் கையில் இருந்தால் அதையும் எதேச்சாதிகாரம் என்றுதான் சொல்ல வேண்டுமா?

முதலில் நேரடியான பதில். மூன்றும் ஒன்றல்ல. கொடுங்கோன்மை என்பது ஆட்சி எப்படி நடக்கிறது என்பதைப் பற்றிய தீர்ப்பு. சர்வாதிகாரம் என்பது அதிகாரம் எவ்வளவு ஓரிடத்தில் குவிந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. எதேச்சாதிகாரம் இந்த இரண்டையும்விடக் குறிப்பான ஒன்றைச் சொல்கிறது: ஆள்பவரின் விருப்பமே காரணம், அந்த விருப்பத்தைத் தடுத்து நிறுத்த யாருக்கும் உரிமையோ வழியோ இல்லை. அதனால் இரண்டாவது கேள்விக்கும் பதில் ஆம் என்பதுதான். ஆள்பவர் தங்கமான மனிதராக இருந்தாலும், அவர் வேண்டாம் என்றால் முடிந்தது, வேண்டும் என்றால் நடந்தது என்ற நிலை இருந்தால் அது எதேச்சாதிகாரமே. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். செய்திகளிலும் மேடைகளிலும் இந்தச் சொற்களை மாற்றி மாற்றிப் போடுவதால் நாம் எதை எதிர்க்கிறோம் என்பதே மங்கிப் போகிறது, அது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

சொல்லைப் பிரித்தால் பாதி விளங்கிவிடும். யதா என்றால் எப்படியோ அப்படி, இச்சை என்றால் விருப்பம். இரண்டும் சேர்ந்து யதேச்சை, அதாவது விருப்பம்போல. அதோடு அதிகாரம் சேர்ந்து யதேச்சாதிகாரம், தமிழில் வழங்கும்போது எதேச்சாதிகாரம். எதேச்சதிகாரம் என்று குறிலாகவும் பலர் எழுதுகிறார்கள், பத்திரிகைகளிலும் அப்படி வருகிறது, பொருள் மாறாது. புணர்ச்சியைப் பார்த்தால் நெடில்தான் பொருத்தம், நான் அப்படித்தான் எழுதுகிறேன். ஒரு சின்னக் குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். "யதேச்சையாகக் கடைத்தெருவில் பார்த்தேன்" என்று சொல்லும்போது தற்செயலாக என்று பொருள் கொள்கிறோம். எதேச்சாதிகாரத்தில் அந்தத் தற்செயல் பொருள் இல்லை. இங்கே இருப்பது மனம்போனபடி என்பது மட்டும்தான்.

மனம்போனபடி என்ற அந்தப் பகுதியைத்தான் கவனமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய பிரான்சில் அரச ஆணைகளின் கடைசியில் வழக்கமாக ஒரு வரி வரும். ஏனெனில் இதுவே நமது விருப்பம் என்பது அதன் பொருள். ஆணைக்கு முன்னால் காரண காரியமெல்லாம் எழுதியிருப்பார்கள், ஆனால் கடைசியில் அதற்கு உயிர் கொடுப்பது விருப்பம்தான். 1787 நவம்பர் 19 அன்று பதினாறாம் லூயி பாரிஸின் உயர் நீதிமன்றத்துக்கே நேரில் வந்து, புதிய கடன் வாங்குவதற்கான ஆணையைப் பதிவு செய்யச் சொன்னார். இப்படி வாக்கெடுப்பு இல்லாமல் பதிவு செய்வது சட்டத்துக்கு முரண் என்று அவருடைய உறவினரான ஓர்லியான் கோமகன் எழுந்து சொன்னார். தடுமாறிய மன்னர் கொடுத்த பதிலின் சாரம் இது: சட்டப்படிதான், ஏனென்றால் நான் விரும்புகிறேன். எதேச்சாதிகாரம் என்ற சொல்லுக்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. "நானே அரசு" என்று பதினான்காம் லூயி சொன்னதாக எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், அதற்கு அவர் காலத்துச் சான்று கிடையாது. 1787இல் நடந்ததற்குச் சாட்சிகள் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பதினாறாம் லூயியைக் கொடூரமான மனிதர் என்று வரலாற்றாசிரியர்கள் பொதுவாகச் சொல்வதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி கொடுங்கோன்மை. கொடு என்பதற்கு வளைந்த என்று ஒரு பொருள் உண்டு. செம்மையான கோல் செங்கோல், வளைந்த கோல் கொடுங்கோல். நீதி நேராக நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா என்பதே இங்கே கேள்வி. அதிகாரத்துக்கு எல்லை உண்டா இல்லையா என்ற கேள்வி இந்தச் சொல்லுக்குள் இல்லவே இல்லை. குறளில் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம், அடுத்தாற்போல் கொடுங்கோன்மைக்கு ஓர் அதிகாரம். இரண்டிலும் பேசப்படுபவர் அதே மன்னர்தான், கையில் இருப்பதும் கோல்தான். "வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு" என்ற குறளைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். வழிப்பறிக்காரன் வேலோடு நின்று கொடு என்கிறான். அரசன் கோலோடு நின்று கேட்கிறான். அரசன் கேட்பதற்கு வள்ளுவர் போட்டிருக்கும் சொல் இரவு, அதாவது யாசிப்பது. கெஞ்சிக் கேட்டாலும் கேட்பவர் கையில் கோல் இருக்கிறது, மறுக்க முடியாது, ஆகவே அது பறிப்பதுதான். கொடுங்கோன்மையைப் பற்றிப் பேச வந்த இந்தக் குறள் எதேச்சாதிகாரத்தின் அடிமடியிலேயே கை வைத்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றும். கேட்கும் குரல் எவ்வளவு மென்மையாக இருந்தாலும், இல்லை என்று சொல்ல எதிரில் இருப்பவருக்கு இடமிருக்கிறதா என்பதுதான் விஷயம்.

சர்வாதிகாரத்தின் கதை வேறு. எல்லா அதிகாரமும் என்பதுதான் நேர்ப்பொருள். ஆனால் உலக வழக்கில் நாம் இந்தச் சொல்லால் குறிக்கும் பதவி ரோமில் பிறந்தது, அங்கே அது சட்டப்படியான ஒரு பொறுப்பு. போர், உள்நாட்டுக் கலகம் மாதிரி அவசரம் வந்தால் ஒருவரை நியமிப்பார்கள், அதிகபட்சம் ஆறு மாதம், வேலை முடிந்தால் அதற்கு முன்பே விலகிவிட வேண்டும். கி.மு. 458இல் சின்சின்னாட்டஸ் எதிரியை முறியடித்துவிட்டு பதினாறாம் நாளே பதவியைத் துறந்து வயலுக்குத் திரும்பினார் என்பது ரோமானியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதை. கி.மு. 202க்குப் பிறகு நூற்றிருபது ஆண்டுகள் அந்தப் பதவிக்கு யாரையும் நியமிக்கவே இல்லை. கி.மு. 82இல் சுல்லா படையோடு வந்து அதைக் கால வரம்பே இல்லாமல் எடுத்துக்கொண்டார். பிறகு கி.மு. 44இன் தொடக்கத்தில் ஜூலியஸ் சீசர் ஆயுள் முழுவதற்கும் என்று ஆக்கிக்கொண்டார், மார்ச் 15 அன்று கொல்லப்பட்டார். அந்த ஆண்டே பதவியையே சட்டம் போட்டு ஒழித்தார்கள். பின்னால் வந்த அகஸ்டஸ், மக்கள் வற்புறுத்தியும் அந்தப் பட்டத்தை ஏற்க மறுத்தார். பட்டம் வேண்டாம் என்றார், அதிகாரங்களைத் தனித்தனிப் பெயர்களில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டார். ஆக சர்வாதிகாரி என்ற பட்டத்தோடு வரம்புக்குள் இருந்தவர்கள் உண்டு, பட்டமே இல்லாமல் வரம்பைத் தாண்டியவரும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மார்க்ஸ் "பாட்டாளி வர்க்க சர்வாதிகாரம்" என்று எழுதியபோதும் அது ஒரு மாறுகாலக் கட்டம் என்றுதான் சொன்னார். இந்தச் சொற்றொடரில் சர்வாதிகாரம் என்ற இடத்தில் எதேச்சாதிகாரத்தைப் போட்டுப் பாருங்கள், பொருளே கவிழ்ந்துவிடும். ஒரு வர்க்கத்துக்கு மனம்போன போக்கு என்று ஒன்று கிடையாது. மனம் என்பது ஓர் ஆளுக்கோ கூடிப் பேசி முடிவெடுக்கும் ஒரு சிறு கும்பலுக்கோதான் இருக்கும்.

சரி, வரம்பே இல்லாத ஆட்சி என்பதை யாராவது வெளிப்படையாக எழுதியே வைத்திருக்கிறார்களா? வைத்திருக்கிறார்கள். டென்மார்க்கில். இந்தக் கதையை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எதேச்சாதிகாரம் நடைமுறையில் என்னவாகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான பாடம் வரலாற்றில் அரிது.

ஸ்வீடனுடன் நடந்த போரில் நொடிந்துபோன டென்மார்க்கில், 1660இல் கோபன்ஹேகனில் கூடிய சபையில் பிரபுக்களின் பிடி தளர்ந்தது. அதுவரை ஒவ்வொரு மன்னரும் பதவியேற்கும்போது பிரபுக்களிடம் எழுதிக்கொடுத்த உறுதிமொழிப் பத்திரம் ரத்தானது. மூன்றாம் பிரெடெரிக் வாரிசுரிமை மன்னரானார், அடுத்த ஆண்டு முழு அதிகாரமும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1665 நவம்பர் 14 அன்று அரசச் சட்டம் என்ற ஒன்றில் அவர் கையெழுத்திட்டார். நாற்பது பிரிவுகள். மனிதர் இயற்றிய எந்தச் சட்டத்துக்கும் மன்னர் மேலானவர், கடவுளுக்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்டவர், சட்டம் போடலாம், எடுக்கலாம், போர் தொடுக்கலாம், வரி விதிக்கலாம், அதிகாரிகளை வைக்கலாம், நீக்கலாம். அவருக்கு இருந்த கட்டுப்பாடுகள் மூன்றுதான்: லூத்தரன் கிறிஸ்தவராக இருக்க வேண்டும், நாட்டைத் துண்டாடக் கூடாது, இந்த அரசச் சட்டத்தை மாற்றக் கூடாது. மூன்றாவதைக் கவனியுங்கள். தன் அதிகாரத்தைக் குறைத்துக்கொள்ளும் அதிகாரம் மட்டும் அவருக்குக் கிடையாது. அந்தச் சட்டத்தை அச்சிட்டு வெளியிட்டதுகூட 1709இல்தான், அதாவது நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து.

சட்டத்தின் வாசகத்தை எழுதியவர் பெடர் ஷூமாக்கர் என்ற அறிவாளி. அடுத்த மன்னர் காலத்தில் கிரிஃபென்ஃபெல்ட் என்ற பிரபுப் பட்டத்தோடு நாட்டிலேயே மிகப் பெரிய அமைச்சராக உயர்ந்தார். 1676இல் அதே மன்னரின் கோபத்துக்கு ஆளாகிக் கைதானார், மரண தண்டனை விதித்தார்கள். வெட்டும் மேடையில் நிற்கும்போது மன்னரின் ஆணை வந்தது: உயிர் உண்டு, ஆயுள் முழுதும் சிறை. இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்தார். தண்டித்ததும் மன்னரின் விருப்பம், உயிரோடு விட்டதும் மன்னரின் விருப்பம். இரண்டில் எதற்கும் மேல்முறையீடு கிடையாது, அதை அப்படி எழுதியவரே அவர்தான்.

அப்புறம் நூறு ஆண்டுகள் தள்ளி ஏழாம் கிறிஸ்தியன் வருகிறார். 1766இல் மன்னரானபோது பதினாறு, பதினேழு வயது. மனநலம் சரியில்லாதவர், அது ஆண்டுக்கு ஆண்டு மோசமானது. ஆனால் சட்டம் அப்படியே இருக்கிறது: எல்லா அதிகாரமும் மன்னரிடம், அவர் கையெழுத்தே கட்டளை. இங்கேதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடக்கிறது. வரம்பில்லாத அதிகாரம் மன்னரைவிட்டு நகர்ந்து, அவரிடம் கையெழுத்து வாங்கக் கூடியவரிடம் போய்விடுகிறது. மன்னரின் மருத்துவராக வந்த ஸ்ட்ரூயென்சே என்ற ஜெர்மானியர் 1770இல் ஆட்சியைக் கைக்குள் கொண்டுவந்தார். 1771 ஜூலையில் அவர் கையெழுத்துக்கே மன்னர் கையெழுத்தின் மதிப்பு தரப்பட்டது. ஒன்றரை ஆண்டுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆணைகள் வந்தன.

நல்ல சர்வாதிகாரி வேண்டும் என்று ஏங்குபவர்கள் இந்த ஆணைகளைப் படிக்க வேண்டும், ஏனென்றால் அவற்றில் பல உண்மையிலேயே நல்லவை. அச்சுத் தணிக்கையை ஒரேயடியாக நீக்கினார், ஐரோப்பாவில் அப்படிச் செய்த முதல் நாடு அது. விசாரணையில் சித்திரவதையை ஒழித்தார். ஆனால் கிடைத்த அச்சுச் சுதந்திரத்தை வைத்து மக்கள் அவரையே தாக்கி எழுதினார்கள், 1771 அக்டோபரில் அதற்கு அவரே கட்டுப்பாடு கொண்டுவந்தார். அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தவரின் விருப்பத்தைத் தவிர அதைத் தாங்கி நிற்க வேறு எதுவும் இல்லை. 1772 ஜனவரி 17 அதிகாலை, அரண்மனையில் நடந்த முகமூடி நடனம் முடிந்த பிறகு, மன்னரின் மாற்றாந்தாயும் அவருடைய கூட்டாளிகளும் மன்னரின் படுக்கையறைக்குள் போய் எழுப்பி, ஸ்ட்ரூயென்சேயைக் கைது செய்யும் ஆணையில் கையெழுத்து வாங்கினார்கள். ஏப்ரல் 28 அன்று அவருக்கு மரண தண்டனை நிறைவேறியது. அவருடைய சீர்திருத்தங்களில் பெரும்பாலானவற்றைப் புதியவர்கள் அழித்தார்கள், அதுவும் அதே மன்னரின் கையெழுத்தோடு. 1784இல் பதினாறு வயதுப் பட்டத்து இளவரசர், ஆலோசனைக் கூட்டத்திலேயே ஒரு காகிதத்தைத் தன் தந்தையிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கினார், அந்தக் கும்பலும் போனது. ஒரே மன்னர், ஒரே சட்டம், மூன்று ஆட்சிக் கவிழ்ப்புகள், மூன்றுக்கும் சட்டப்படி எந்தக் குறையும் இல்லை. இந்த அமைப்பு 1848 வரை நீடித்தது, 1849 ஜூன் 5 அன்று அரசமைப்புச் சட்டம் வந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். எதேச்சாதிகாரத்தில் ஒருவர் எல்லாவற்றையும் செய்கிறார் என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். யாராலும் அது முடியாது. யார் செய்தாலும் கேள்வி கேட்க முடியாத ஒரு கையெழுத்து இருக்கிறது என்பதுதான் அதன் இயல்பு. அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில் நிற்க முடிந்தவர்கள், மருத்துவரோ உறவினரோ உதவியாளரோ, அதிகாரத்தைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். அவர்களிடம் பொறுப்பு கேட்க எந்த இடமும் இல்லை. "இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பா ரிலானுங் கெடும்" என்று குறள் சொல்வது இந்த இடத்தில் அப்படியே பொருந்துகிறது. இடித்துச் சொல்பவர் இல்லாவிட்டால், கெடுப்பதற்கு வெளியிலிருந்து எதிரி வர வேண்டியதில்லை.

ரஷ்யாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கே ஒரு சொல்லை வைப்பதா எடுப்பதா என்பதே அரசியல் போராட்டமாக நடந்தது. ஜார் மன்னர்கள் தங்களை அழைத்துக்கொண்ட சொல்லை நேராகத் தமிழில் சொன்னால் தானே ஆள்பவர் என்று வரும். தொடக்கத்தில் அது வெளிநாட்டு மேலாளர் யாருக்கும் கப்பம் கட்டாதவர் என்ற பொருளில்தான் இருந்தது, அதாவது சுதந்திர மன்னர். பிறகு மெல்ல மெல்ல உள்நாட்டிலும் யாருக்கும் கட்டுப்படாதவர் என்று ஆனது. 1832இல் தொகுத்த அடிப்படைச் சட்டங்களின் முதல் விதியிலேயே பேரரசர் எதேச்சாதிகாரம் உடையவர், வரம்பற்றவர் என்று இரண்டு அடைமொழிகளையும் அடுத்தடுத்து வைத்தார்கள். 1905 புரட்சி மன்னரைப் பணியவைத்தது, டூமா என்ற சட்டமன்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. 1906 ஏப்ரலில் அடிப்படைச் சட்டங்களைத் திருத்த உட்கார்ந்தபோது, வரம்பற்ற என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்ற கேள்வி வந்தது. இரண்டாம் நிக்கலாஸுக்கு மனமில்லை. முன்னோர்களிடமிருந்து பெற்ற அதிகாரத்தின் எல்லையை மாற்றத் தமக்கு உரிமை உண்டா என்று அந்தக் கூட்டத்தில் வெளிப்படையாகவே தயங்கினார். கடைசியில் வரம்பற்ற என்ற சொல் போயிற்று, எதேச்சாதிகார என்ற சொல் நின்றது.

நின்ற சொல்தான் வென்றது. முதல் டூமாவை மூன்று மாதம்கூட முடியுமுன் கலைத்தார்கள். இரண்டாவதை 1907 ஜூனில் கலைத்ததோடு, தேர்தல் சட்டத்தையும் டூமாவின் ஒப்புதல் இல்லாமல் மன்னரின் ஆணையால் மாற்றினார்கள். அப்படி மாற்றக் கூடாது என்று ஓராண்டுக்கு முன் அவரே கையெழுத்திட்ட சட்டம் சொல்லியிருந்தது. தடுக்க யாருக்கும் வழியில்லை. ஆகவே ஒரு நாட்டின் அரசமைப்பில் சட்டமன்றம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து அங்கே எதேச்சாதிகாரம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆள்பவரிடம் அவை கூடாது என்று மறுத்த ஒருநாள் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

தேர்தலில் ஜெயித்து வந்தவரை எப்படி இந்தச் சொல்லால் அழைக்க முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. வந்த வழி வேறு, இருக்கும் நிலை வேறு. வாத்திக்கனைப் பாருங்கள். போப்பாண்டவரைக் கர்தினால்கள் வாக்களித்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அந்தச் சிறு நாட்டின் அடிப்படைச் சட்டப்படி சட்டம் இயற்றுவது, நிர்வாகம், நீதி மூன்றின் முழு அதிகாரமும் அவரிடம் இருக்கிறது. முழு முடியாட்சி என்ற வகையில்தான் அதைச் சேர்ப்பார்கள், கொடுங்கோன்மை என்று யாரும் சொல்வதில்லை. மறுபக்கம் ஜெர்மனி. 1933 மார்ச் 23 அன்று, நாடாளுமன்றத்தைக் கேட்காமலேயே அரசு சட்டம் இயற்றலாம் என்ற சட்டத்தை நாடாளுமன்றமே நிறைவேற்றியது. ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்தவர்கள் அத்தனை பேரும் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தார்கள், மண்டபத்துக்குள் சீருடைப் படையினர் நின்றார்கள். நான்கு ஆண்டுகளுக்கு மட்டும் என்று எழுதியிருந்த சட்டத்தை மீண்டும் மீண்டும் நீட்டித்தார்கள். ரோமானிய ஆறு மாதத்தின் இடத்தில் இங்கே நான்கு ஆண்டு. இரண்டிலும் எழுதியிருந்த வரம்பைக் காப்பாற்ற ஆள் இல்லாமல் போனதும் சர்வாதிகாரம் எதேச்சாதிகாரமாக மாறிவிட்டது.

முசோலினியோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அவரும் சர்வாதிகாரிதான், இருபது ஆண்டுக்கு மேல் ஆண்டவர், எதிர்ப்பாளர்களைச் சிறையிலும் தீவுகளிலும் அடைத்தவர். ஆனால் இத்தாலியில் மன்னர் என்று ஒருவர் இருந்தார், பாசிசப் பெருங்குழு என்று ஓர் அமைப்பு இருந்தது. 1943 ஜூலை 24 இரவு தொடங்கிய கூட்டத்தில் அவருடைய சொந்தக் குழுவே 19க்கு 8 என்ற கணக்கில் அவருக்கு எதிராக வாக்களித்தது. மறுநாள் மன்னர் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார், வெளியே வந்தவரைக் கைது செய்தார்கள். ஹிட்லரிடம் பதவி விலகு என்று சொல்லும் உரிமை படைத்த ஒரு ஆளோ அவையோ 1934 ஆகஸ்டுக்குப் பிறகு, அதாவது குடியரசுத் தலைவர் இண்டன்பர்க் இறந்து அந்தப் பதவியையும் அவரே எடுத்துக்கொண்ட பிறகு, ஜெர்மனியில் இல்லை. கொலை முயற்சியைத் தவிர எதிர்ப்பாளர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. இருவரையும் சர்வாதிகாரி என்கிறோம், சரிதான். எதேச்சாதிகாரத்தின் அளவு வேறு, அந்த வேறுபாடு எத்தனையோ உயிர்களின் கணக்கில் தெரிந்தது.

நீதிமன்ற மொழியிலும் இந்த யதேச்சை வருகிறது. 1974இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ராயப்பா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் நீதிபதி பகவதி, சமத்துவமும் தன்னிச்சையும் பரம எதிரிகள் என்றார். ஒன்று குடியரசின் சட்ட ஆட்சியைச் சேர்ந்தது, மற்றது எதேச்சாதிகார மன்னரின் மனம்போன போக்கைச் சேர்ந்தது என்பது அவருடைய விளக்கம். வெறும் வசைச்சொல்லாக நாம் வீசுகிற ஒன்றுக்கு அங்கே சட்ட எடை கிடைத்தது. அரசு அதிகாரி ஒருவர் காரணம் சொல்ல முடியாமல் ஒரு முடிவு எடுத்தால், அது கொடுமையானதா என்று நிரூபிக்க வேண்டியதில்லை, தன்னிச்சையானது என்று காட்டினாலே போதும் என்ற வாதத்துக்கு இந்தத் தீர்ப்பு வழி திறந்தது.

இனி பயன்பாடு. எழுதும்போது எனக்கு உதவுகிற சில விஷயங்களைச் சொல்கிறேன். ராணுவம் ஆட்சியைப் பிடித்தால் ராணுவ சர்வாதிகாரம் என்பதுதான் வழக்கு. மன்னர் கட்டுப்பாடின்றி ஆண்டால் முழு முடியாட்சி, அல்லது எதேச்சாதிகார முடியாட்சி. மக்கள் துன்பத்தைச் சொல்ல வேண்டுமானால் கொடுங்கோலாட்சி. அமைச்சரவையைக் கேட்காமல், சபையில் வைக்காமல், விதியைத் தாண்டி ஒரு முடிவு எடுத்தால் எதேச்சாதிகாரமான முடிவு, எதேச்சாதிகாரப் போக்கு. தனித்தமிழில் எழுதுகிறவர்கள் வல்லாட்சி என்பார்கள், அது சர்வாதிகாரத்துக்கும் கொடுங்கோன்மைக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது, நல்ல சொல், ஆனால் விருப்பம்போல என்ற அந்த நுணுக்கம் அதில் வராது. தன்னாட்சியை மட்டும் தயவுசெய்து இந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள். தானே ஆள்வது என்பதால் சிலர் ஒருவராட்சிக்கு அந்தச் சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். தமிழில் தன்னாட்சி என்றால் ஒரு மக்கள் கூட்டமோ நிறுவனமோ தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் உரிமை, மாநிலத் தன்னாட்சி, தன்னாட்சிக் கல்லூரி என்பது போல. இரண்டும் நேரெதிர்.

எல்லா வகை ஆட்சியையும் இந்தச் சொல்லுக்குள் அடைக்கவும் கூடாது. மக்களின் படிப்பு, வேலை, கலை, குடும்பம், நம்பிக்கை, மனதில் நினைப்பது வரை எல்லாவற்றையும் ஒரே அரசு பிடித்துவைக்க முயன்றால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது, முற்றாதிக்கம் என்று சொல்லலாம். 1923இல் முசோலினியின் எதிர்ப்பாளரான அமெந்தோலா அதற்கான இத்தாலியச் சொல்லைக் கண்டனமாகப் பயன்படுத்தினார், பிறகு முசோலினியே அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார். பழைய எதேச்சாதிகார மன்னர்களுக்கு வரியும் படையும் கீழ்ப்படிதலும் போதும், குடியானவன் மனதில் என்ன நினைக்கிறான் என்று தேடிப் போக அவர்களிடம் ஆளும் இல்லை, கருவியும் இல்லை.

கடைசியாக, அலுவலகத்தில் கண்டிப்பான மேலாளரைச் சர்வாதிகாரி என்று சொல்வது. பேச்சில் சொல்லிவிட்டுப் போகலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் புகார்க் கடிதத்திலோ கட்டுரையிலோ எழுதும்போது பிரித்துப் பார்ப்பது நல்லது. ஒன்பது மணிக்கு எல்லோரும் வர வேண்டும் என்று சொல்லி, தானும் ஒன்பது மணிக்கு வந்து, தாமதமாக வந்த எல்லோருக்கும் ஒரே மாதிரி சம்பளம் பிடிப்பவர் கண்டிப்பானவர், அவ்வளவுதான். பிடித்தவருக்கு விடுப்பு, பிடிக்காதவருக்கு மறுப்பு, ஏன் என்று கேட்டால் நான் சொல்கிறேன், அவ்வளவுதான் என்ற பதில், இதுதான் எதேச்சாதிகாரப் போக்கு. அவர் சிரித்த முகத்தோடு சொன்னாலும் அதேதான். அவருக்கு மேலே கேள்வி கேட்க ஒரு நிர்வாகம் இருக்கும்வரை போக்கு என்ற சொல்லைச் சேர்த்தே எழுதுங்கள். உங்கள் புகாரில் விடுப்பு மறுத்த தேதிகளையும், அதே நாட்களில் வேறு யாருக்குக் கிடைத்தது என்பதையும் போட்டுவிட்டால், அந்தச் சொல்லை நீங்கள் எழுதாவிட்டாலும் படிப்பவருக்கு அது புரிந்துவிடும்.